பிரெஞ்சு முன்னெதிர்காலமும் நம் ‘இருப்பேன்’ வடிவமும்

‘நாளைக் காலை ஏழு மணிக்கெல்லாம் ரயில் விழுப்புரத்தைத் தாண்டியிருக்கும்’ என்கிறோம். ரயில் இன்னும் புறப்படவே இல்லை. ஆனாலும் மனத்தளவில் நாளைக் காலை ஏழு மணிக்குப் போய் நின்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்து, தாண்டியாயிற்று என்று சொல்லிவிடுகிறோம். வரப்போவதை முடிந்ததாகக் காட்டும் இந்த வினைவடிவத்துக்குப் பிரெஞ்சில் ஃப்யுத்யுர் ஆந்தேரியர் என்று பெயர். முந்திய எதிர்காலம் என்பது அதன் நேர்ப்பொருள். இக்கட்டுரையில் அதை முன்னெதிர்காலம் என்றே அழைக்கிறேன். பிரெஞ்சின் ‘ழ’ ஒலியை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ழகரம் கொண்டு எழுதுவது வழக்கம். இங்கும் அந்த வழக்கத்தையே பின்பற்றியிருக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுப்பவர்கள் ஏராளம். பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் தெல்ஃப் தேர்வுக்காகப் படிப்பவர்களும் உண்டு. பிரான்சிலும் கனடாவிலும் குடியேறி, பிள்ளைகளோடு சேர்ந்து பிரெஞ்சு கற்கும் தமிழர்களும் உண்டு. இவர்கள் எல்லோரும் முன்னெதிர்காலத்தைப் பெரும்பாலும் ஒரே வழியில்தான் சந்திக்கிறார்கள். முதலில் ஓர் அட்டவணை, பக்கத்தில் ‘வில் ஹேவ்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியம், கீழே கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி. அட்டவணையை மனப்பாடம் செய்தவர் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுகிறார். ஆனால் பிரெஞ்சு நாளிதழைக் கையில் எடுத்தால், அவர் படித்த பொருளுக்குப் பொருந்தாத இடங்களில் எல்லாம் அதே வடிவம் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்தே தொடங்கினால் இந்தக் குழப்பத்தில் பாதி வராது என்பது என் உறுதியான கருத்து. மீதிப் பாதி தமிழாலேயே வருகிறது. அதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும்.

முதலில் கட்டுமானம். பிரெஞ்சில் கூட்டுக் காலங்களுக்குத் துணைவினைகள் இரண்டு: ‘உடைத்தாயிரு’ என்னும் பொருள்கொண்ட அவுவார், ‘இரு’ என்னும் பொருள்கொண்ட எத்ர். இவற்றில் ஒன்றை எளிய எதிர்காலத்தில் வைத்து, அதன்பின் முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் முன்னெதிர்காலம் வந்துவிடும். அவுவார் தன்மை ஒருமையில் ழோரே, முன்னிலையில் த்யு ஓரா, படர்க்கையில் இல் ஓரா. பன்மையில் நூ ஸோரோன், வூ ஸோரே, இல் ஸோரோன். எத்ர் இதே வரிசையில் செரே, செரா, செரா, செரோன், செரே, செரோன் என்று வரும். ‘ழோரே ஃபினி’ என்றால் முடித்திருப்பேன். ‘ழெ செரே பார்த்தி’ என்றால் புறப்பட்டுப் போயிருப்பேன். எதிர்மறைச் சொல்லான ‘பா’ துணைவினைக்கும் எச்சத்துக்கும் நடுவில் நிற்கும்: ‘ழெ நோரே பா ஃபினி’, முடித்திருக்க மாட்டேன்.

தமிழிலும் அமைப்பு இதுதான் என்பதைக் கவனியுங்கள். ‘முடித்து’ என்ற எச்சம், ‘இரு’ என்ற துணைவினை, அதன்மேல் எதிர்கால இடைநிலையும் இடவிகுதியும். வரிசை மட்டும் தலைகீழ். நவீனத் தமிழுக்குத் தாமஸ் லேமன் எழுதி 1989-இல் புதுச்சேரியில் வெளியான ஆங்கில இலக்கண நூல் ‘இரு’ துணைவினையின் இந்தப் பணியை விரிவாகவே பேசுகிறது. பிரெஞ்சு வகுப்புகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

எந்த வினைக்கு எந்தத் துணைவினை? பெரும்பான்மை வினைகள் அவுவாரோடு போகும். போதல், வருதல், புறப்படுதல், வந்துசேர்தல், பிறத்தல், இறத்தல், விழுதல், தங்குதல் போன்ற சுமார் பதினைந்து வினைகளும், செய்பவர் மீதே செயல் திரும்பும் தற்சுட்டு வினைகள் அனைத்தும் எத்ர் கொள்ளும். மாணவர்களைத் தடுமாற வைப்பவை இரண்டு பக்கமும் போகும் வினைகள். மோந்தே என்ற வினையைப் பாருங்கள். ‘ழெ செரே மோந்தே’ என்றால் மேலே ஏறியிருப்பேன். ‘ழோரே மோந்தே லே வலீஸ்’ என்றால் பெட்டிகளை மேலே ஏற்றியிருப்பேன். தமிழ் மாணவருக்கு இங்கே விளக்கமே வேண்டாம். ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. இறங்கு, இறக்கு என்ற இணைக்குத் தெசாந்த்ர் என்ற வினையும் அப்படியே பொருந்தும். தன்வினைக்கு எத்ர், பிறவினைக்கு அவுவார் என்று சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஒரே ஒரு விலக்கைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘படி ஏறினேன்’ என்பதில் தமிழ் ஏறு என்றே சொல்கிறது. பிரெஞ்சோ படிக்கட்டைச் செயப்படுபொருளாகக் கொண்டு அவுவாரைப் போடும்.

எச்சம் பால், எண் காட்டுவது அடுத்த சிக்கல். எத்ர் வந்தால் எச்சம் எழுவாயோடு இயையும். ‘இல் செரா மோர்’, அவன் இறந்திருப்பான். ‘எல் செரா மோர்த்’, அவள் இறந்திருப்பாள். அவுவார் வந்தால் எச்சம் மாறாது. ஆனால் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் அதோடு இயைய வேண்டும். ‘ழோரே எக்ரி லே லெத்ர்’ என்றால் கடிதங்களை எழுதியிருப்பேன். ‘லே லெத்ர் க ழோரே எக்ரித்’ என்றால் நான் எழுதியிருக்கப்போகும் கடிதங்கள். இரண்டாவதில் கடைசித் தகர ஒலி காதிலேயே கேட்கும். இந்த விதியை 16-ஆம் நூற்றாண்டில் கவிஞர் க்ளெமான் மாரோ, இத்தாலிய மொழியை முன்மாதிரி காட்டி, தம் மாணாக்கருக்குப் பாட்டாகவே எழுதிக் கொடுத்தார். இன்றுவரை பிரெஞ்சுப் பிள்ளைகளே இதில் தவறுகிறார்கள். அவுவாரோடு வரும் எச்சத்தை மாற்றாமல் விட்டுவிடலாம் என்று 2018-இல் பெல்ஜியத்தில் முன்னாள் ஆசிரியர்களான அர்னோ ஹூத், ழெரோம் பிரோன் இருவரும் முன்வைத்த யோசனை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. யோசனை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் தேர்வு எழுதுகிறவர் பழைய விதியைத்தான் கடைப்பிடித்தாக வேண்டும்.

இந்த வடிவம் பிறந்த கதை, அட்டவணையைவிடச் சுவையானது. லத்தீனில் முன்னெதிர்காலத்துக்குத் தனிச்சொல்லாகவே ஒரு வடிவம் இருந்தது: ‘அமாவேரோ’, நேசித்திருப்பேன். பேச்சு லத்தீனில் அது வேறொரு வடிவத்தோடு ஒலியால் கலந்து தன் பணியை இழந்தது. அந்தக் கலப்பின் மிச்சம் இன்றும் ஸ்பானியச் சட்ட நூல்களின் நடையில் தலைகாட்டுகிறது. பிரெஞ்சில் அதுவும் இல்லை. எளிய எதிர்காலமும் தேய்ந்துபோகவே, மக்கள் வினையின் மூலவடிவத்தோடு ‘எனக்கு உண்டு’ என்னும் பொருள்தரும் ஹாபேயோவைச் சேர்த்துப் புதிய எதிர்காலத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ‘பாடுதல் எனக்கு உண்டு’ என்பது ‘பாடுவேன்’ ஆயிற்று. 7-ஆம் நூற்றாண்டின் ஃப்ரெடெகார் வரலாறு என்னும் லத்தீன் நூலில் இந்தப் புதிய எதிர்காலத்துக்கு ஒரு சான்று கிடைக்கிறது. ‘தரமாட்டேன்’ என்கிறான் சிறைப்பட்ட பாரசீக அரசன். ‘தாராஸ்’, அதாவது ‘தருவாய்’, என்கிறார் பேரரசர் ஜஸ்டினியன். தாராஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்த கதையாக அந்நூல் இதைச் சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, அந்த ஒரு சொல்லில் இன்றைய பிரெஞ்சு எதிர்காலத்தின் உருவம் தெரிகிறது. 842-ஆம் ஆண்டின் ஸ்திராஸ்பூர் உறுதிமொழி, பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணம். அதில் இந்தப் புதிய எதிர்காலம் தெளிவாகவே நிலைபெற்றிருக்கிறது.

அப்படியானால் ழோரே என்பது என்ன? ஹாபேரே என்ற வினையின் மூலவடிவத்தோடு அதே ஹாபேரேயின் ‘எனக்கு உண்டு’ சேர்ந்தது. ஒரே வினை ஒரே சொல்லுக்குள் இருமுறை புகுந்திருக்கிறது. அதன்பின் முதன்மை வினையின் எச்சம். மாணவர்கள் ஒழுங்கற்ற வடிவம் என்று சலித்துக்கொள்ளும் ‘ஓர்’ என்ற அடி, அவுவாரின் மூலவடிவம் தேய்ந்து நின்ற உருவம்தான். இதை ஒருமுறை கரும்பலகையில் பிரித்துக் காட்டிவிட்டால் பிறகு மறப்பதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். 1947-இல் தத்துவவாதி ஹன்ஸ் ரைஷன்பாக் வினைக்காலங்களை மூன்று புள்ளிகளால் விளக்கினார்: பேசும் நேரம், செயல் நிகழும் நேரம், எங்கிருந்து பார்க்கிறோமோ அந்த நோக்கு நேரம். முன்னெதிர்காலத்தில் நோக்கு நேரம் பேசும் நேரத்துக்குப் பின்னால் இருக்கிறது. செயல் அந்த நோக்கு நேரத்துக்கு முன்னால் இருக்கிறது. செயலுக்கும் பேச்சுக்கும் இடையிலான முன்பின் உறவை இந்த வடிவம் சொல்வதே இல்லை. செயல் பேச்சுக்குப் பின் நடக்கலாம், பேசும்போதே நடக்கலாம், முன்பே நடந்தும் முடிந்திருக்கலாம். மூன்று வரிசைகளுமே இலக்கணப்படி சரி என்று ரைஷன்பாக் காட்டினார். பாடநூல்கள் முதல் வரிசையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பிரெஞ்சு வாசகர் அன்றாடம் சந்திப்பதோ மூன்றாவது வரிசையையும்தான்.

முதல் வரிசையில் சொல்ல அதிகமில்லை. கெடு வைத்துப் பேசும்போது வருவது அது. நாளைக்குள், நண்பகலுக்கு முன், இரண்டு ஆண்டில் என்று ஒரு எல்லையைச் சொல்லி, அதற்குள் செயல் முடிந்திருக்கும் என்பது. தமிழர் யாரும் இங்கே தவறுவதில்லை.

‘எப்போது’ என்னும் பொருளில் வரும் ‘கான்’, ‘உடனே’ என்னும் பொருளில் வரும் ‘தே க’ போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின்தான் தவறு மலிகிறது. ‘முடித்ததும் எனக்கு போன் பண்ணு’ என்பதைப் பிரெஞ்சில் ‘கான் த்யு ஓரா ஃபினி, த்யு மாப்பெல்ரா’ என்றே சொல்ல வேண்டும். கூப்பிடுவதும் எதிர்காலம், முடிப்பதும் எதிர்காலம், முடிப்பது முந்தியது. பிரெஞ்சு இந்த மூன்றையும் வினையில் காட்டியே தீரும். தமிழில் ‘முடித்ததும்’ எதிர்காலத்தைக் காட்டுவதில்லை. அது முன்பின் முறையை மட்டும் சொல்லிவிட்டு, காலத்தைக் கடைசி வினைக்கு விட்டுவிடுகிறது. ஆங்கிலமும் இந்த இடத்தில் நிகழ்காலத்தையே போடுகிறது. இரண்டு மொழிப் பழக்கமும் சேர்ந்து மாணவரை ‘கான் த்யு அ ஃபினி’ என்று எழுத வைக்கின்றன. அதற்கு ‘நீ முடித்தபோது’ என்று பொருள் வந்துவிடும். நிபந்தனைச் சொல்லான ‘சி’ வந்தால் மட்டும் எதிர்கால வடிவத்துக்கு இடமில்லை. ‘முடித்தால்’ என்பது நிச்சயமில்லாதது, ‘முடித்ததும்’ என்பது நிச்சயம் நடக்கும் என்று கொள்வது. இந்த வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களிலேயே பிடித்துக்கொள்ளலாம்: ‘-ஆல்’ வந்தால் எதிர்காலம் வேண்டாம், ‘-அதும்’, ‘பிறகு’ வந்தால் முன்னெதிர்காலம். ‘பிறகு’ என்னும் பொருள்தரும் ‘ஆப்ரே க’வுக்குப் பின் பிரெஞ்சுக்காரர்களே பலர் வேறொரு வினைப்பாங்கைப் போட்டுப் பேசுகிறார்கள். இலக்கண நூல்கள் அதை ஏற்பதில்லை.

மூன்றாவது வரிசை ஊகம். நண்பர் கூட்டத்துக்கு வரவில்லை. ‘இல் ஓரா மான்கே சோன் த்ரேன்’ என்கிறார் ஒரு பிரெஞ்சுக்காரர். ரயிலைத் தவறவிட்டிருப்பார் என்று பொருள். நடந்தது கடந்தகாலம், வினைவடிவம் எதிர்காலம். உண்மை பின்னால்தான் தெரியவரும், அப்போது நின்று பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்பதே அதன் உள்ளர்த்தம். ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் உண்டு. ஆனால் நம் வகுப்பறை ஆங்கிலத்தில் அது அவ்வளவாகப் புழங்குவதில்லை என்பதால், மாணவர் இந்த வாக்கியத்தைக் கண்டு திகைக்கிறார். தமிழில் யோசித்தால் திகைக்க ஏதுமில்லை. ‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்’, ‘மறந்திருப்பாள்’, ‘பஸ் கிடைச்சிருக்காது’ என்று நாள்தோறும் பேசுகிறோம். கெடுவையும் ஊகத்தையும் ஒரே வடிவத்தால் சொல்லும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. இப்படி ஒரு வசதியைத் தாய்மொழி கையில் வைத்திருக்க, அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியே ஊகத்தை விளக்குவது வீண் வேலை. பேச்சு பிரெஞ்சில் ஊகத்துக்கு, ‘வேண்டும்’ என்னும் பொருள்கொண்ட துவுவார் என்ற வினையைச் சேர்த்து ‘இல் அ த்யு மான்கே’ என்று சொல்வதே மிகுதி என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு வேறுபாடு. ‘அவன் இப்போது வீட்டில் இருப்பான்’ என்ற எளிய எதிர்கால ஊகம் தமிழில் எந்த வினைக்கும் வரும். ‘இப்போது சாப்பிடுவான்’, ‘தூங்குவான்’ என்றும் ஊகித்துச் சொல்கிறோம். பிரெஞ்சில் அது பெரும்பாலும் எத்ர், அவுவார் என்ற இரண்டு வினைகளோடு நின்றுவிடும். முன்னெதிர்கால ஊகத்துக்கு அந்தத் தடை இல்லை.

தமிழ் நம்மைத் தவறவைக்கும் இடம் அடுத்தது. பிரெஞ்சு நாளிதழ்களில் ஒருவர் மறைந்த மறுநாள் வரும் கட்டுரைகளில் ‘இல் ஓரா செர்வி சோன் பேயி’ என்பதுபோன்ற வாக்கியங்கள் அடிக்கடி வரும். அவர் தம் நாட்டுக்குத் தொண்டாற்றினார் என்பது பொருள். அதில் ஊகம் துளியும் இல்லை. வாழ்க்கை முடிந்துவிட்டது, இனி யார் எப்போது திரும்பிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்ற அழுத்தம் அந்த எதிர்காலத்தில் இருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் இதை மதிப்பீட்டு முன்னெதிர்காலம் என்கிறார்கள். இதை ‘நாட்டுக்குத் தொண்டாற்றியிருப்பார்’ என்று பெயர்த்தால் என்ன ஆகும்? இறந்தவரை ஐயப்படுவதுபோல் ஆகிவிடும். குடும்பத்தார் படித்தால் மனம் புண்படும். ‘தொண்டாற்றியே வாழ்ந்தவர்’ என்றோ ‘கடைசிவரை தொண்டாற்றினார்’ என்றோ எழுதுவதுதான் முறை. ‘இல் ஓரா ஃபால்யு தீஸான்’ என்ற தொடரும் அப்படித்தான். ‘பத்து ஆண்டு பிடித்திருக்கும்’ என்று எழுதக்கூடாது. பத்து ஆண்டு பிடித்தது, அதுவும் நெடுநாள் காத்திருந்தபின் என்ற பெருமூச்சோடு அது வருகிறது. ‘பத்து ஆண்டு ஆகிவிட்டது’ என்பதில் அந்தப் பெருமூச்சு கேட்கிறது. இங்கே ‘இரு’வை விட்டுவிட்டு ‘விடு’வைப் பிடிப்பதே மொழிபெயர்ப்பாளருக்கு என் பரிந்துரை.

பேச்சில் நிலைத்துவிட்ட தொடர்கள் சிலவும் இந்த வகையே. நம்ப முடியாத ஒன்றைக் கண்டால் பிரெஞ்சுக்காரர் ‘ஓன்னோரா தூ வ்யு’ என்பார். எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, இதையும் பார்த்தாயிற்று என்பது அதன் தொனி. சொல்லக் கேளாமல் போய் மாட்டிக்கொண்டவரிடம் ‘த்யு லோரா வூல்யு’, நீயாகத் தேடிக்கொண்டது.

சிந்தனையாளர்களும் இந்த வடிவத்தைக் கையாண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1980-இல் வெளியிட்ட ஒளிப்படம் பற்றிய நூலில், மரண தண்டனை பெறவிருந்த இளைஞன் லூயிஸ் பெய்னை 1865-இல் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படத்தின் முன் நின்று யோசிக்கிறார். படத்தில் இருப்பவன் சாகப்போகிறான், பார்க்கிற நமக்கோ அவன் செத்து நூறாண்டு கடந்துவிட்டது. இந்த இரட்டை நிலைக்கு அவர் பயன்படுத்தும் பெயர் முன்னெதிர்காலம் என்பதே. உளப்பகுப்பாய்வாளர் ழாக் லக்கானும் மனிதன் தன் கடந்தகாலத்தைக் கட்டிக்கொள்ளும் முறையை விளக்க இந்த வினைக்காலத்தை நாடினார். பள்ளிக்கூட இலக்கணத்தில் ஒரு மூலையில் கிடக்கும் வடிவம் பிரெஞ்சுச் சிந்தனையில் இத்தனை தூரம் சென்றிருப்பதற்குக் காரணம், மதிப்பீட்டுப் பொருள் அந்த மொழி பேசுவோரின் காதில் எப்போதும் ஒலித்துக்கொண்டிருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேர்வுத்தாள்களில் அதிகம் மதிப்பெண் இழக்க வைப்பது வேறொன்று. ‘முடித்திருப்பேன்’ என்று தமிழில் மூன்று இடங்களில் சொல்கிறோம். ‘நாளைக்குள் முடித்திருப்பேன்’ என்பது கெடு. ‘நானே முடித்திருப்பேன், நினைவில்லை’ என்பது ஊகம். ‘நீ சொல்லியிருந்தால் நேற்றே முடித்திருப்பேன்’ என்பது நடக்காமல் போனது. முதல் இரண்டுக்கும் பிரெஞ்சு முன்னெதிர்காலத்தை வைத்திருக்கிறது. மூன்றாவதற்கு வேறு வடிவம், இறந்தகால நிபந்தனைப்பாங்கு. தன்மை ஒருமையில் இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடு துணைவினையின் கடைசியில் வரும் ஓர் ‘எஸ்’ மட்டுமே. உச்சரிப்பிலும் பிரான்சில் பலர் இரண்டையும் ‘ழோரே’ என்று ஒன்றுபோலவே சொல்கிறார்கள். பிரெஞ்சுப் பிள்ளைக்கு இது எழுத்துப்பிழை. தமிழ்ப் பிள்ளைக்கோ பொருளே ஒன்றாகத் தெரிவதால் பிழை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. எளிய சோதனை ஒன்று உண்டு. எழுவாயை ‘அவன்’ என்று மாற்றிப் பாருங்கள். ‘ஓரா’ என்று வந்தால் முன்னெதிர்காலம், ‘ஓரே’ என்று வந்தால் நிபந்தனைப்பாங்கு. இன்னும் நேரான வழி, தமிழ் வாக்கியத்தில் ‘-இருந்தால்’ இருக்கிறதா, அல்லது அதைச் சேர்க்க இடமிருக்கிறதா என்று தேடுவது. இடமிருந்தால் ‘எஸ்’ போடுங்கள்.

செய்தித்தாள்களும் இந்த நிபந்தனைப்பாங்கைக் கையாளுகின்றன. உறுதிப்படாத செய்தியில் ‘அமைச்சர் விலகியிருக்கிறாராம்’ என்று நாம் ‘ஆம்’ சேர்ப்பதுபோல அவர்கள் ‘ஓரே’ போடுவார்கள். ‘ஓரா’ போட்டால் அது எழுதுபவரின் சொந்த ஊகம் அல்லது இறுதி மதிப்பீடு.

பேச்சில் இந்த வடிவம் குறைந்துவருகிறதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கெடு நெருங்கியதாக இருந்தால் பிரெஞ்சுக்காரர் ‘இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தாலேயே சொல்லிவிடுகிறார்: ‘ழே ஃபினி தான் தூ மினுத்’. அடுப்படியிலிருந்து ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் கொடுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ‘கான்’ தொடரிலும், ஊகத்திலும், பத்திரிகை மதிப்பீட்டிலும் முன்னெதிர்காலம் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிரெஞ்சு வாசிக்க விரும்புகிறவர் இதைத் தவிர்க்கவே முடியாது.

தமிழ் மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. முன்னெதிர்காலப் பாடத்தன்று அட்டவணையைத் திறக்குமுன் ‘முடித்திருப்பேன்’ வரும் மூன்று தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். எந்த இரண்டுக்கு ‘ழோரே’ பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று மாணவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். நான்காவதாக இரங்கல் கட்டுரையிலிருந்து ஒரு பிரெஞ்சு வாக்கியத்தைக் கொடுத்து, ‘இருப்பார்’ போடாமல் தமிழில் எழுத வையுங்கள். அட்டவணையை அதன்பிறகு கொடுத்தால் போதும்.